பத்துச் சுற்று, இருபத்தோரு கிலோமீட்டர்: 1886 பென்ஸ் மாதிரி வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஆரம்பித்து 7:36-க்கு முடித்தோம். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் பத்துச் சுற்று. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர், ஆக மொத்தம் 21. வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், பக்கத்தில் சைக்கிளில் வந்த அக்கா பையன் பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் கூட வந்தான். ஆனால் பத்துச் சுற்றில் மிக வேகமான சுற்றுக்கும் மிக மெதுவான சுற்றுக்கும் இடையே வெறும் 13 விநாடிதான் வித்தியாசம். பிப்ரவரியில் இதே வண்டி ஐந்தாவது சுற்றைத் தாண்டவில்லை. இடையில் இருந்த ஏழு மாதத்தில் என்ன நடந்தது, எங்கே தப்பாகப் போனேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டியைப் பற்றி முதலில். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி இது. அச்சு அசல் பிரதி என்று சொல்ல மாட்டேன். அசலில் ஒற்றை சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் முன்னும் பின்னும் போகிற தூரம்), 954 சிசி. முக்கால் குதிரைத்திறன், 400 ஆர்பிஎம், அதிகபட்ச வேகம் 16 கிலோமீட்டர். எனக்கு 90-க்கு லைனர், அதாவது பிஸ்டன் ஓடுகிற உள்குழாய், வார்க்க மனசில்லை. நம் ஊர் டீசல் பம்பு செட் லைனரும் பிஸ்டனும் 87.5 மில்லிமீட்டரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், நாளைக்கு தேய்ந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். அதை வைத்து, கிராங்க் மட்டும் 150 ஸ்ட்ரோக்குக்குப் புதிதாகக் கடைந்து போட்டேன். 902 சிசி வந்தது. கம்ப்ரஷன், அதாவது உள்ளே வந்த கலவையை பிஸ்டன் நெருக்குகிற அளவு, 3-க்கு 1, அவ்வளவுதான். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய இதற்கு மேல் வைக்கவும் முடியாது.

ஃப்ளைவீல், இன்ஜினைச் சீராகச் சுற்ற வைக்கிற கனமான சக்கரம், படுத்த வாக்கில் இருக்கிறது, அசலில் உள்ளது போலவே. நிற்கிற வாக்கில் வைத்தால் அது சுற்றுகிற விசை ஸ்டீயரிங்கைப் பாதிக்குமோ என்று பென்ஸ் பயந்தார். இந்த வேகத்தில் அது ஒன்றும் செய்யாது என்று இன்று சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் படுத்த ஃப்ளைவீல்தான் இந்த வண்டியின் முகமே, அதை மாற்ற எனக்கு இஷ்டமில்லை. அதற்காகப் பழைய டிஃபரன்ஷியலில் இருந்து, சுற்றுவதைச் செங்கோணத்தில் திருப்புகிற ஒரு ஜோடி பெவல் கியர் தேடி எடுக்க மூன்று வாரம் ஆனது. அங்கிருந்து தட்டையான பெல்ட், நடுத் தண்டு, இரண்டு பக்கமும் செயின், பின்சக்கரம். பெல்ட் மாவு மில்லில் ஓடுகிற அதே கேன்வாஸ் பெல்ட்தான், 60 மில்லிமீட்டர் அகலம். இக்னிஷனுக்கு, அதாவது பிளக்கில் பொறி வர வைக்க, ஒரு கார் காயில். ஒரு ரிலேயை அதன் சொந்த காண்டாக்ட் வழியாகவே இணைத்து பஸர் மாதிரி அதிர விட்டால் அந்தக் காலத்து அதிர்வு காயில் செய்த வேலையைச் செய்துவிடுகிறது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர்தான் கதையின் மையம், அதனால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜெட், ஊசி எதுவும் கிடையாது. மூடிய ஒரு தகர டப்பா, உள்ளே பெட்ரோல். இன்ஜின் இழுக்கிற காற்று ஒரு குழாய் வழியாக உள்ளே போய், பெட்ரோலுக்குள் குமிழி விட்டு, மேலே ஆவியோடு சேர்ந்து வெளியே வரும். என்னுடைய டப்பா நாலரை லிட்டர் பிடிக்கும், மூன்று லிட்டர் ஊற்றினேன். டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஆறு அடுக்கு செம்பு வலை வைத்துச் சுடரை அடைத்திருக்கிறேன். இதை ஒருவரும் விடக் கூடாது. ஒரு தடவை இன்ஜின் பேக்ஃபயர் ஆகி சுடர் டப்பா பக்கம் திரும்பியபோது வலையின் முதல் இரண்டு அடுக்கு கருகிப் போயிருந்தது. வலை இல்லாவிட்டால் மூன்று லிட்டர் பெட்ரோல் ஆவி என் முதுகுக்குப் பின்னால் பற்றியிருக்கும். தீயணைப்பான் இரண்டு, ஒன்று வண்டியில், ஒன்று சைக்கிளில் கூட வருகிறவனிடம்.

ஜனவரியில் பட்டறையில் ஸ்டாண்டு போட்டு இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். ஒரு தடங்கலும் இல்லை. சிலிண்டர் தலையில் கொதிக்கிற தண்ணீர் ஆவியாகப் போகும், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் குறையக் குறைய அதையும் கால் மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் ஊற்றினேன். அப்படி ஊற்றியதுதான் உண்மையான கோளாறை என் கண்ணில் இருந்து மறைத்தது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, ஏன் டிராக்? ரோட்டில் ஓட்ட இதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது, அது ஒன்று. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ரோட்டில் ஒவ்வொரு நிமிடமும் வேறு வேறு. டிராக்கில் அதே தார், அதே வளைவு, அதே தூரம் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கடிகாரம் சொல்வதை நம்பலாம். 1907-இல் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் டிராக் கட்டியதும் இதே தேவையால்தான். அங்கே ரோட்டில் மணிக்கு 20 மைல் உச்சவரம்பு, கார் செய்கிறவர்களுக்குத் தங்கள் வண்டியை முழுசாக விரட்டிப் பார்க்க இடமே இல்லை. திறந்த அதே ஜூன் மாதம் எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் ஒரு நேப்பியர் காரைத் தனி ஆளாக 24 மணி நேரம் ஓட்டி 1,581 மைல் போனார், கிட்டத்தட்ட 2,544 கிலோமீட்டர். எனக்கு அதில் பிடித்தது வேகம் இல்லை. ஒரு நாள் முழுக்க ஓடினால் எது முதலில் போகும் என்று பார்ப்பதற்கு ஒரு இடம் கிடைத்தது, அதுதான். 1909-இல் வந்த இண்டியானாபொலிஸ் டிராக்கும் கார்களைச் சோதிக்கிற களமாகத்தான் முதலில் யோசிக்கப்பட்டது.

பென்ஸுக்கு டிராக் கிடையாது. மன்ஹைம் நகரத் தெருவில் 1886 ஜூலை 3-ஆம் தேதி எல்லோரும் பார்க்க ஓட்டினார். உண்மையான நீண்ட தூரச் சோதனையைச் செய்தது அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டு, தேய்ந்த பிரேக்குக்குத் தோல் அடிக்க வைத்து, எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றி. இந்த லிக்ராயின் என்ற சொல்லை நான் பத்து தடவையாவது படித்திருப்பேன். அது அந்தக் காலத்துப் பெட்ரோல் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன்.

முதல் நாள், பிப்ரவரி. ஒரு பைக் பயிற்சிக் குழு டிராக்கை எடுத்திருந்தார்கள், அவர்கள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம். மத்தியானம் 12:30. வெயில் 34 டிகிரி. ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

முதல் சுற்று 9 நிமிடம் 38 விநாடி. இரண்டாவது 9:44. அப்புறம் 10:21. நாலாவது 12:06, கடைசி வளைவில் சும்மா நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம். ஐந்தாவது சுற்றில் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஆற விட்டுச் சுற்றினால் பிடித்தது, ஐம்பது மீட்டர் போய் மறுபடி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தோம், எடை 270 கிலோ.

என் முதல் சந்தேகம் இக்னிஷன். ரிலே சூடாகி அதிர்வது குறைந்திருக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் அது என் சொந்த ஏற்பாடு, அதன் மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. 120 ரூபாய்க்கு ஒன்றாக நாலு ரிலே மாற்றினேன், பிளக் இடைவெளியை 0.4-இல் இருந்து 0.6-க்கும் திரும்ப 0.5-க்கும் வைத்தேன், காயிலையும் மாற்றினேன். பட்டறையில் ஸ்டாண்டில் எல்லாமே நன்றாக ஓடியது, முன்பும் நன்றாகத்தான் ஓடியது என்பதை யோசிக்கவில்லை.

இரண்டாவது சந்தேகம் பெல்ட் வழுக்கல். மாவு மில்காரர் ஒருவர் பெல்ட்டில் தடவுகிற பிசின் கட்டி கொடுத்தார். தடவினேன், இறுக்கவும் செய்தேன். இறுக்கியது தப்பு. நடுத் தண்டின் பேரிங் கை வைக்க முடியாத அளவு சூடானது, கிரீஸ் உருகி வழிந்தது. ஒரு பேரிங் 680 ரூபாய் போனது.

மார்ச்சில் இரண்டாவது முறை போனோம். இந்தத் தடவை உருப்படியாக ஒன்று செய்தேன்: ஃப்ளைவீலின் ஓரத்தில் ஒரு துண்டு பளபளக்கும் டேப் ஒட்டி, அது நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டுகிற லேசர் டேக்கோமீட்டரை, 1,100 ரூபாய் சாமான், ஃபிரேமில் கட்டினேன். சுற்றுக்கு ஒரு தரம் பார்த்து அக்கா பையனிடம் சத்தமாகச் சொல்ல, அவன் நோட்டில் எழுத. முதல் சுற்றில் 380 ஆர்பிஎம். மூன்றாவதில் 350. நாலாவதில் 290. வண்டி மெதுவாகிற அதே அளவுக்கு ஃப்ளைவீலும் மெதுவாகிறது. பெல்ட் வழுக்கினால் இன்ஜின் சுமை குறைந்து வேகமாகச் சுற்ற வேண்டுமே தவிர மெதுவாகக் கூடாது. ஆக பெல்ட் மேல் பழி இல்லை. இந்த ஒரு எண்ணை முதல் நாளே எடுத்திருந்தால் பேரிங் பிழைத்திருக்கும், ஒரு மாதமும் மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்கு எங்களோடு ஒரு பழைய ஆயில் இன்ஜின் மெக்கானிக் ஐயா வந்திருந்தார். எழுபது வயது தாண்டியவர், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற தோட்டத்து இன்ஜின்களில் கை பழகியவர். வண்டி நின்றதும் அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. கார்புரேட்டர் டப்பாவைத் தொட்டார், கையை எடுத்துப் பார்த்தார், விரல் ஈரமாக இருந்தது. "என்னங்க தம்பி, இந்த வெயில்ல இது வேர்த்திருக்குது?" என்றார். நானும் தொட்டேன். டப்பா ஜில்லென்று இருந்தது, வெளியே பனித்துளி மாதிரி நீர் கோத்திருந்தது. அப்புறம் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு டம்ளரில் கொஞ்சம் பிடித்து மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் செத்துப் போச்சுங்க தம்பி. நல்லதெல்லாம் மேல போயிருச்சு, கசடுதான் நிக்குது. பாதி மண்ணெண்ணெய் வாசம் வருது பாருங்க."

நானும் மோந்தேன். அவர் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தோம். பங்க்கில் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். அன்று காலை வாங்கி மூடி வைத்திருந்த பெட்ரோல் 0.738. டப்பாவில் மிச்சம் இருந்தது 0.769. பெட்ரோல் என்பது ஒரே பொருள் கிடையாது, சீக்கிரம் ஆவியாகிறதும் மெதுவாக ஆவியாகிறதும் கலந்த கலவை. காற்றுக் குமிழி போகப் போக இலேசானது முதலில் ஓடிவிடுகிறது, மிச்சம் ஆவியாக மாட்டேன் என்கிறது. அதோடு ஆவியாகிற ஒவ்வொரு துளியும் மிச்சத்தைக் குளிர வைக்கிறது. அடுத்த நாள் ஸ்டாண்டில், பெல்ட்டில் ஒரு கட்டைப் பிரேக் அழுத்திச் சுமை கொடுத்து, தெர்மாமீட்டரை டப்பாவுக்குள் விட்டு, பெட்ரோல் சேர்க்காமல் ஓட்டினேன். அரை மணியில் 32 டிகிரியில் இருந்து 11 டிகிரிக்கு வந்தது. டிராக்கில் நடந்தது பட்டறையிலேயே நடந்தது. ஜனவரியில் இரண்டு மணி நேரம் ஓடியதற்குக் காரணம் சுமை இல்லாததும், கால் மணிக்கு ஒரு தரம் நான் புதுப் பெட்ரோல் ஊற்றியதும்தான்.

அப்போதுதான் லிக்ராயின் ஞாபகம் வந்தது. அது பெட்ரோல் மாதிரி பரந்த கலவை இல்லை. ஒரு குறுகிய கொதிநிலைக்குள் வடித்து எடுத்த இலேசான எண்ணெய், கறை எடுக்க மருந்துக் கடையில் விற்றது. அதற்கு நெருங்கிய சாமான் இன்றும் கெமிக்கல் கடையில் பெட்ரோலியம் ஈதர் என்ற பெயரில் இருக்கிறது, பாட்டிலின் மேலேயே 60–80 என்று கொதிநிலை போட்டிருக்கும். இரண்டரை லிட்டர் பாட்டில் 1,350 ரூபாய். பங்க் பெட்ரோலைப் போல ஐந்து மடங்கு விலை. ஆக்டேன், அதாவது நெருக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்குகிற தன்மை, மிகக் குறைவு, ஆனால் 3-க்கு 1 கம்ப்ரஷனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் டப்பாவை மாற்றுவதிலேயே போனது. டப்பாவைச் சுற்றி இன்னொரு தகர உறை வைத்து, சிலிண்டர் தலையில் இருந்து வழிகிற வெந்நீரை அதற்குள் விட்டேன். முதல் உறையில் ஈயப் பற்று விட்டுப்போய் தண்ணீர் கசிந்தது. இரண்டாவதில் வெந்நீர் நேராக வந்து எரிபொருள் 52 டிகிரிக்குப் போய்விட்டது. ஆவி மிக அதிகமாகி இன்ஜின் கறுப்புப் புகை விட்டு மூச்சு முட்டியது, அந்தச் சூட்டில் அதைத் தொடர்ந்து ஓட்டுவதும் ஆபத்து. மூன்றாவதில் நடுவில் ஒரு சின்ன வால்வு, சமையல் அறை ஆர்ஓ குழாயில் போடுகிற கால் அங்குல வால்வு, அதைக் கால்வாசி திறந்தால் 33-இல் இருந்து 36-க்குள் நிற்கிறது. வெளியே விட்ட சூட்டுப் புகையை வைத்துச் சூடாக்கலாமே என்று பலர் கேட்டார்கள். பெட்ரோல் டப்பாவுக்குப் பக்கத்தில் நெருப்புப் பொறி வருகிற குழாயைக் கொண்டுபோக நான் தயாராக இல்லை.

ஜூனில் மூன்றாவது முறை. உறையும் புது எரிபொருளும் இரண்டும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போனேன், இது பெரிய தப்பு, காரணம் பிறகு சொல்கிறேன். முதல் சுற்று 10:52. இரண்டாவது 10:47. மூன்றாவது 11:09. பிப்ரவரியில் கெட்டுப்போவதற்கு முன்னாடி ஓடியதை விட ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவு! இறங்கி வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

அக்கா பையன்தான் காப்பாற்றினான். அவன் பாதி தூரத்தில் ஒரு கூம்பு வைத்து இரண்டாவது ஸ்டாப்வாட்சில் பாதிச் சுற்றையும் குறித்திருந்தான். "மாமா, போறப்ப ஆறரை நிமிசத்துக்கு மேல ஆகுது, வர்றப்ப நாலே கால்தான் ஆகுது. காத்துதான் மாமா." ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி வரும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் இருப்பது அரைக் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மேல் எதிர்க்காற்று மோதினால் அதில் பாதி அதற்கே சரியாகிவிடும். முக்கியமான விஷயம், சுற்றுக்குச் சுற்று மோசமாகிக்கொண்டே போகவில்லை. பழைய நோய் போயிருந்தது, இது வேறு.

ஆறாவது சுற்றில் வலது பக்கச் செயின் கழன்றது. வளைவில் ஃபிரேம் குழாய் முறுக்கிக்கொண்டு பல்சக்கரம் 3 மில்லிமீட்டர் விலகுகிறது. ஒரு குறுக்குக் குழாய் வெல்டிங் அடித்து, செயினுக்கு நைலான் உருளை ஒன்று வைத்துச் சரியானது. இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. அதே நாளில் பிரேக்கும் தேய்ந்துவிட்டது. நடுத் தண்டின் கப்பியை அழுத்துகிற மரக்கட்டை, எண்ணெய் பட்டு வழுக்கியது. டவுன்ஹால் பக்கம் தோல் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் 5 மில்லிமீட்டர் எருமைத் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னேன், செம்பு ஆணியோடு 300 ரூபாய். பெர்த்தா பென்ஸ் செய்த அதே வேலை, அதே காரணத்துக்கு. அது இன்று வரை தேயவில்லை.

இப்போது அந்தப் பெரிய தப்பு. வண்டி சரியானது உறையாலா, புது எரிபொருளாலா? இரண்டையும் ஒன்றாகப் போட்டதால் சொல்ல வழியில்லை. பெட்ரோலியம் ஈதர் விலைக்கு அது முக்கியமான கேள்வி. அதனால் ஆகஸ்டில் காற்று எழும்பாத விடியற்காலை 6 மணிக்கு, உறையை வைத்துக்கொண்டு சாதாரண பெட்ரோலை மட்டும் ஊற்றி நாலாவது சோதனை. 9:35, 9:37, 9:41, 9:58, 10:32. எரிபொருள் 34 டிகிரியில்தான் இருந்தது, குளிரவில்லை. ஆனாலும் நாலாவது சுற்றில் இருந்து சரிகிறது. ஆக, சூடு பாதி வேலைதான் செய்கிறது, கசடு சேர்வதை அது தடுக்காது. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்று என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதோடு இன்னொன்றும் தோன்றியது. மூன்று லிட்டரை ஒரே டப்பாவில் வைத்துக் குமிழி விடுவதுதானே பிரச்சினை? டப்பாவுக்குள் ஒரு சின்ன கிண்ணம் மாதிரி அறை செய்து அதில் 700 மில்லி மட்டும் நிற்கும்படி, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தனி டேங்கில் இருந்து சொட்டுச் சொட்டாக வரும்படி மாற்றினேன். மிதவை தாமிரத் தகட்டில் நானே செய்தது, இரண்டு தடவை மூழ்கியது, மூன்றாவது மிதக்கிறது. அடியில் ஒரு திருகு; ஐந்து சுற்றுக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தாமலே 90 மில்லி கசடை ஒரு பாட்டிலில் பிடித்துவிட வேண்டும். அது என் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது.

செப்டம்பரில், அதாவது போன ஞாயிறு, ஐந்தாவது சோதனை. உறை, சின்ன அறை, பெட்ரோலியம் ஈதர். 9:31-இல் ஆரம்பித்து, மிக மெதுவான எட்டாவது சுற்று 9:44, பத்தாவது 9:36. ஃப்ளைவீல் 376-இல் இருந்து 388-க்குள். எரிபொருள் 2.3 லிட்டர் செலவு, நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் என்ற கணக்கு. அசல் வண்டிக்குச் சொல்லப்படுகிற 10 லிட்டருக்குப் பக்கத்தில்தான். தண்ணீர் சுற்றுக்கு 900 மில்லி வீதம் 9 லிட்டர் ஆவியாகப் போனது. எரிபொருளை விட நாலு மடங்கு தண்ணீர் குடிக்கிற வண்டி. இதை நிறுத்தாமல் ஊற்றுவதற்கு அக்கா பையன் சைக்கிளில் கூட வந்து நேர்க்கோட்டில் புனல் வைத்து ஊற்றினான், பத்து தடவையும் ஒரு சொட்டு சிந்தவில்லை. மெக்கானிக் ஐயா பத்துச் சுற்றும் ஒரே இடத்தில் நின்று இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதானுங்க கதகதன்னு இருக்குது" என்றார். எனக்கு அது போதும்.

செலவு கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். வார்ப்படம், கிராங்க், கடைசல் எல்லாம் சேர்த்து இன்ஜின் 1,12,000. சக்கரங்கள் 41,000, இந்த அளவில் ரிம் எங்கும் கிடைக்காது, குழாயை வளைத்து, ஸ்போக்குக்கு மறை போட்டு, கெட்டி ரப்பர் கயிறு பொருத்த வேண்டியிருந்தது. ஃபிரேமும் சீட்டும் 36,000. பெல்ட், செயின், பெவல் கியர், கருகிய பேரிங் உட்பட 23,000. இக்னிஷன் 4,500, அதில் தேவையில்லாமல் மாற்றியதே பாதி. கார்புரேட்டர் எல்லா வடிவமும் சேர்த்து 7,500. மொத்தம் 2,24,000. ஐந்து தடவை குட்டி யானை வாடகை 2,500 வீதம் 12,500 இதில் சேராது, எரிபொருளும் சேராது. என் உழைப்புக்குக் கணக்குப் போடவில்லை. ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள்.

திரும்பச் செய்தால் முதலில் மாற்றுவது ஸ்டாண்டுச் சோதனையை. சுமை இல்லாமல் ஓட்டுவது ஓட்டுவதே இல்லை. ஒரு கட்டைப் பிரேக்கும் ஒரு தொங்கு தராசும் இருந்தால் போதும், 600 ரூபாய்க்குள் முடியும், அதை ஜனவரியிலேயே செய்திருக்கலாம். சோதனை நடக்கும்போது எரிபொருளையும் தண்ணீரையும் அளந்துதான் ஊற்ற வேண்டும், எப்போது ஊற்றினோம் என்று நேரமும் குறிக்க வேண்டும். டேக்கோமீட்டர் முதல் நாளே கட்ட வேண்டும். ஸ்டாப்வாட்ச் இரண்டு, கூம்பு ஒன்று, எப்போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 8 மணிக்கு மேல் ஓட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஃபிரேமின் குறுக்குக் குழாயை 25 மில்லிமீட்டருக்குப் பதில் 32-இல் போட வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி: உறையில் வெந்நீரை அடைத்துவிட்டு, சின்ன அறையில் பெட்ரோலியம் ஈதர் மட்டும். அது தனியாகவே தாங்குமானால் உறையைக் கழற்றி எறிந்துவிடலாம், ஒன்பது கிலோ எடை குறையும். அதற்குப் பிறகு சின்ன அறையில் சாதாரண பெட்ரோலும், ஐந்து சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் கசடு இறக்கலும். மழை ஆரம்பிப்பதற்குள் ஒரு ஞாயிறு கிடைத்தால் முதலாவதை முடித்துவிடுவேன். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் டப்பாவில் இருந்து இறக்கிய கசடுப் பெட்ரோல் சுமார் ஒரு லிட்டர் தனி கேனில் பெயர் எழுதி வைத்திருந்தேன். மெக்கானிக் ஐயா அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார், தோட்டத்து இன்ஜின் செயினும் பேரிங்கும் கழுவ அது நன்றாக இருக்கிறதாம்.